டயர் கடைப் பலகையில் ஒரு ரோமானியக் கடவுள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆங்கில நாளிதழ்த் தலையங்கங்களில் 'அகிலீஸ் ஹீல்', 'பண்டோராஸ் பாக்ஸ்', 'நெமிசிஸ்', 'சிசிஃபியன்' என்றெல்லாம் வருகின்றன. அகராதியில் பொருள் கிடைக்கிறது. ஏன் அந்தப் பொருள் என்று தெரியாததால் அடுத்த வாரமே மறந்துபோகிறது. எங்கிருந்து தொடங்குவது? நம் நாட்டுப் பெயர்களும் இப்படி ஆங்கிலத்தில் ஏறியிருக்கின்றனவா?

இரண்டாவது கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கு, நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையில் தொடங்கலாம். பழைய டயரிலோ தகரப் பலகையிலோ வெள்ளைப் பெயின்ட்டில் 'வல்கனைசிங்' என்று எழுதி வைத்திருப்பார்களே, அந்தச் சொல்லுக்குள் ஒரு கடவுள் உட்கார்ந்திருக்கிறார். வல்கன் ரோமானியர்களின் நெருப்புக் கடவுள், தேவர்களுக்கு ஆயுதம் அடித்துக் கொடுக்கும் கொல்லர். கிரேக்கர்கள் அவரை ஹெஃபைஸ்டஸ் என்றார்கள். சிசிலிக்கு வடக்கே கடலில் புகைந்துகொண்டிருந்த வுல்கானோ தீவை அவருடைய உலையின் புகைபோக்கி என்று நம்பினார்கள். எரிமலைக்கு ஆங்கிலத்தில் 'வால்கேனோ' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ரப்பரில் கந்தகம் கலந்து சூடேற்றினால் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார்; 1844-இல் காப்புரிமை வாங்கினார். அதே வேலையில் இங்கிலாந்தில் முனைந்திருந்த தாமஸ் ஹான்காக்குக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தவர் அவருடைய நண்பர் வில்லியம் பிராக்கடன். நெருப்பும் இருக்கிறது, கந்தகமும் இருக்கிறது, வல்கன் பெயரை வைத்தால் என்ன என்றார். வைத்தார்கள். இன்றைக்கு பஞ்சர் ஒட்டும் அண்ணன் வாயிலும் அந்தப் பெயர் புழங்குகிறது.

கவனியுங்கள், வல்கனுக்கு எவ்வளவோ கதைகள் உண்டு. அவர் நொண்டி. மனைவி வீனஸ் அவருக்குத் துரோகம் செய்தாள். அவளைக் காதலனோடு சேர்த்து வலை போட்டுப் பிடித்தார். ரப்பருக்கு அதெல்லாம் வேண்டாம், உலை மட்டும் போதும். பெயர்களிலிருந்து வரும் சொற்கள் எல்லாமே இப்படித்தான் பிறக்கின்றன: நீண்ட கதையிலிருந்து ஒரே ஒரு காட்சியைக் கிள்ளிக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. எழுந்திருக்காத தம்பியைக் 'கும்பகர்ணா' என்று கூப்பிடும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம். அண்ணனுக்கு நியாயம் எடுத்துச் சொல்லி, தோற்போம் என்று தெரிந்தே போருக்குப் போனவன் அவன் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை, தூக்கம்தான் நினைவிருக்கிறது. எனவே அகராதிப் பொருளை உருப்போடுவதற்குப் பதிலாக, எந்தக் காட்சியைக் கிள்ளியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சொல்லும் மறக்காது, தப்பான இடத்திலும் விழாது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'டான்டலைஸ்'. டான்டலஸ் என்ற அரசன் தேவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அந்த உறவு எப்படிக் கெட்டது என்பதில் கதைக்குக் கதை வித்தியாசம். தேவர்களின் அமுதைத் திருடித் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்தான் என்பது ஒன்று. தேவர்களைச் சோதிக்கப் பெற்ற மகனையே வெட்டிச் சமைத்துப் பரிமாறினான் என்பது இன்னொன்று. (நமக்குச் சிறுத்தொண்டர் ஞாபகம் வரும். அங்கே கறி கேட்டு வந்தவர் சிவன்; இங்கே யாரும் கேட்கவில்லை.) கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிஸி காவியத்தில், 11-ஆம் காண்டத்தில், குற்றம் சொல்லப்படுவதில்லை, தண்டனை மட்டும்தான். பாதாளத்தில் ஒரு கிழவன் மோவாய் முட்டத் தண்ணீரில் நிற்கிறான். தாகம். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றி, காலடியில் கறுப்பு மண் தெரிகிறது. தலைக்கு மேலே பேரிக்காய், மாதுளை, ஆப்பிள், அத்தி எல்லாம் காய்த்துத் தொங்குகின்றன. கையை நீட்டினால் காற்று வந்து கிளையை மேகம்வரை தூக்கிக்கொண்டு போகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்கிறோமே, அதையே முடிவில்லாத தண்டனையாக்கினால் டான்டலஸ்.

இந்தக் காட்சி மனதில் இருந்தால் 'டீஸ்' என்பதற்குப் பதிலாக 'டான்டலைஸ்' என்று எழுத மாட்டீர்கள். சும்மா சீண்டுவது டீஸ். வேண்டியதைக் கண்ணெதிரே காட்டி, கிட்டே வரவிட்டு, கிடைக்காமல் செய்வதுதான் டான்டலைஸ். விக்டோரியா காலத்து வீடுகளில் மது நிறைந்த கண்ணாடிக் குடுவைகளை ஒரு சட்டத்தில் நிறுத்தி மேலே பூட்டு போட்டு வைத்தார்கள். வேலைக்காரர்கள் பார்க்கலாம், எடுக்க முடியாது. அந்தச் சட்டத்தின் பெயரே 'டான்டலஸ்'. அதைவிட அழகாக இந்தப் பெயரைக் கையாண்டவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் எக்கபர்க். 1802-இல் அவர் கண்ட புதிய உலோகம் அமிலத்துக்குள் முழுகி நின்றும் அமிலத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாதவன் பெயரையே அதற்கு வைத்தார்: டான்டலம். அதே தாதுக்களில் அதோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்த இன்னொரு உலோகத்தை 1844-இல் ஹைன்ரிக் ரோஸ் தனியாக அடையாளம் காட்டியபோது, டான்டலஸின் மகள் நயோபியின் பெயரால் அது நயோபியம் ஆனது. தனிம அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: மகள் 41, அவளுக்கு நேர் கீழே அப்பா 73. வேதியியல்காரர்களுக்கு ரசனை இல்லை என்று யார் சொன்னது?

அதே 11-ஆம் காண்டத்தில் டான்டலஸுக்குப் பக்கத்திலேயே சிசிஃபஸ் பாறையை மலைமேல் உருட்டிக்கொண்டிருக்கிறான். உச்சியைத் தொடப்போகும் நேரத்தில் அது உருண்டு கீழே வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'சிசிஃபியன்' வேலையும் 'ஹெர்குலியன்' வேலையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஹெர்குலிஸ் செய்தது மனிதனால் முடியாத வேலை, ஆனால் செய்து முடித்தான். சிசிஃபஸ் வேலை முடியவே முடியாது. நம் வழக்கில் பகீரதப் பிரயத்தனம் என்றால் அது ஹெர்குலிஸ் பக்கம், கங்கை வந்துவிட்டதல்லவா. ஊழல் ஒழிப்பு பற்றிய தலையங்கங்களில் வரும் 'ஆஜியன் ஸ்டேபிள்ஸ்' ஹெர்குலிஸின் வேலைகளில் ஒன்றுதான். எலிஸ் நாட்டு அரசன் ஆஜியஸின் தொழுவத்தில் 3,000 மாடுகள், 30 வருடமாகச் சாணி அள்ளவில்லை. ஹெர்குலிஸ் கூடையைத் தொடவே இல்லை. இரண்டு ஆறுகளைத் திருப்பி உள்ளே விட்டான், ஒரே நாளில் சுத்தம். ஆகவே மேசை டிராயரை ஒழுங்குபடுத்துவதற்கெல்லாம் இந்தத் தொடரைச் செலவழிக்கக் கூடாது.

இனி 'அகிலீஸ் ஹீல்'. இதில் வேடிக்கை, கிள்ளி எடுத்த காட்சி மூலக் கதையிலேயே இல்லை. கிரேக்க வீரன் அகிலீஸ் டிராய் நகரத்தோடு போரிடும் ஹோமரின் இலியட் காவியம் முழுக்கத் தேடினாலும் அவன் குதிகால் பற்றி ஒரு வரி கிடைக்காது. அவன் சாவும் அதில் இல்லை. அவன் கொன்ற டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் முடிந்துவிடுகிறது. சொல்லப்போனால் 21-ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி அவன் முன்கையைக் கீறி ரத்தம் வருகிறது. உடம்பில் ஆயுதமே ஏறாது என்றால் அந்த ரத்தம் எப்படி வந்தது? தாய் தீட்டிஸ் குழந்தையைக் குதிகாலில் பிடித்துப் பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கினாள், பிடித்த இடம் மட்டும் நனையவில்லை என்ற கதை, ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரிடம்தான் கிடைக்கிறது. 1693-இல் உடற்கூறு எழுதிய ஃபிலிப் வெர்ஹேயன் கெண்டைக்காலைக் குதிகாலோடு கட்டும் தசைநாணுக்கு அகிலீஸ் பெயரைக் கொடுத்தார். இன்றைக்கு எலும்பு டாக்டர் சீட்டிலும் அந்தப் பெயர் வருகிறது. எழுதும்போது ஒன்று நினைவிருக்கட்டும். எல்லாப் பலவீனமும் அகிலீஸ் ஹீல் ஆகாது. மற்ற எல்லா வகையிலும் வெல்ல முடியாத ஒருவரிடம் இருக்கும் ஒரே ஓட்டைதான் அது. பத்துப் பாடத்தில் ஒன்பதில் தோற்றவனுக்கு அகிலீஸ் ஹீல் கிடையாது, பாவம்.

பண்டோராவின் பெட்டியும் இதே ரகம். பண்டோரா என்ற பெண் மூடியைத் திறந்ததும் துன்பங்களெல்லாம் உலகில் பரவின என்று கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொன்ன மூலக் கதையில் பெட்டியே கிடையாது. அவர் சொல்வது 'பித்தோஸ்': தானியமும் எண்ணெயும் வைக்கும், ஆள் உயரத்துக்குக்கூட இருக்கும் மண்பாண்டம். நம் ஊரில் தாழி, குதிர் என்போமே, அந்த இனம். 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் லத்தீனில் இந்தக் கதையை எழுதும்போது பித்தோஸை 'பிக்ஸிஸ்' ஆக்கிவிட்டார். பிக்ஸிஸ் என்றால் சிறு பேழை. பண்டோராவின் தாழி அன்றிலிருந்து பெட்டியாகிவிட்டது. ஓவியர்களும் கையடக்கப் பெட்டியையே வரைந்தார்கள். இதனால் கதையின் ருசியே மாறிப்போனது. வீட்டுக்குள் நிற்கும் தாழி வருடம் முழுக்கக் குடும்பம் சாப்பிடும் சேமிப்பு. அதன் மூடியைத் திறப்பதும் ரகசியப் பெட்டியைத் திருட்டுத்தனமாகத் திறப்பதும் ஒன்றா? அப்புறம், அடியில் நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது என்ற பகுதியைத் தலையங்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. துன்பங்களோடு சேர்த்து நம்பிக்கையை ஏன் அடைத்து வைத்தார்கள், அது நமக்கு ஆறுதலா, அதுவும் ஒரு துன்பம்தானா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

'டிரோஜன் ஹார்ஸ்' பற்றி ஒரே வரி: உள்ளே வீரர்களை ஒளித்து மரக்குதிரையைச் செய்தவர்கள் கிரேக்கர்கள், அதை நகருக்குள் இழுத்து வந்து ஏமாந்தவர்கள்தான் டிராய் நகரத்து டிரோஜன்கள். கம்ப்யூட்டருக்குள் புகும் திருட்டு நிரலை 'டிரோஜன்' என்று சுருக்கிக் கூப்பிடும்போது, வீடு பறிகொடுத்தவன் பெயரைத் திருடனுக்கு வைத்துவிடுகிறோம்.

அலுவலகம் போகிறவர்கள் தினமும் கேட்கும் 'மென்டர்' கதை இன்னும் கூத்து. ஒடிஸியில் மென்டர் என்பவர் காவிய நாயகன் ஒடிஸியஸின் பழைய நண்பர். போருக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். இருபது வருடத்தில் வீடு என்ன ஆனது? மனைவியை மணக்க வந்த கூட்டம் உள்ளே புகுந்து ஆட்டையும் பன்றியையும் தின்று தீர்க்கிறது. மென்டரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. மகனுக்குத் தைரியம் சொல்லி, அப்பாவைத் தேடிக் கப்பலேற்றி, கூடவே போவது அதீனா தேவி. மென்டரின் உருவத்தில் வருகிறாள், அவ்வளவுதான். அந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய பேர் வந்ததற்குக் காரணம் 1699-இல் ஃபெனலோன் என்ற பிரெஞ்சு ஆயர் எழுதிய கதை. அவர் 14-ஆம் லூயியின் பேரனுக்கு ஆசிரியராக இருந்தவர். ஒடிஸியஸின் மகன் ஊர் ஊராகச் சுற்றி நல்லாட்சி கற்றுக்கொள்வதாகக் கதை கட்டி, பாடம் சொல்லும் பொறுப்பை மென்டரிடம் கொடுத்தார். ஐரோப்பா முழுக்க அது பரவ, மென்டர் என்றால் வழிகாட்டி என்றாயிற்று. இப்போது 'மென்டீ' என்று வேறு சொல்கிறார்கள். மென்டர் ஓர் ஆளின் பெயர். 'மென்ட்' என்று அதில் வினைச்சொல் எதுவும் இல்லை. ராமன் என்ற பெயரிலிருந்து 'ராமப்படுபவன்' என்று ஒரு சொல் உண்டாக்கினால் எப்படியோ அப்படி. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் கூசுகிறது.

'நெமிசிஸ்' என்பதை எதிரி என்று புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். கிரிக்கெட் எழுத்தாளர்கள் இதில் முன்னணி. ஒரு பேட்ஸ்மேனை அடிக்கடி வீழ்த்தும் பந்துவீச்சாளர் அவருடைய நெமிசிஸ் ஆகிவிடுகிறார். மூலத்தில் நெமிசிஸ் ஒரு பெண் தெய்வம். அட்டிகாவில் ராம்னுஸ் என்ற இடத்தில் அவளுக்குக் கோயில் இருந்தது. பெயரின் வேர், அவரவருக்கு உரியதை அளந்து கொடுப்பது. அளவுக்கு மீறித் துள்ளியவனை அளவுக்குக் கொண்டுவருகிறவள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்கிறோமே, அந்த நின்று கொல்லும் தெய்வம் அவள்தான். 'ஹூப்ரிஸ்' என்ற திமிரோடு சேர்ந்து வந்தால்தான் நெமிசிஸுக்கு முழு எடை உண்டு.

'பேனிக்' அடிக்காத நாள் நமக்கு இல்லை. ஆர்க்கேடியா மலைகளில் திரியும் ஆட்டுக்கால் தெய்வம் பான். ஆட்டு மந்தை காரணமே இல்லாமல் திடீரென்று மிரண்டு ஓடினால் அது பானின் வேலை. படை வீரர்கள் ராத்திரியில் எதிரியே இல்லாமல் அலறி அடித்து ஓடினாலும் அவன்தான் காரணம். தியாக்ரிட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞரின் முதல் பாட்டில், குழல் ஊதச் சொன்னதற்கு ஓர் ஆட்டிடையன் மறுக்கிறான். உச்சிப்பொழுதாகிவிட்டது, பான் களைத்துப் படுத்திருக்கும் நேரம், எழுப்பினால் கோபிப்பான் என்கிறான். உச்சி வேளையில் ஒத்தையாகப் போகாதே, முனி அடிக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. காரணம் தெரிந்த பயம் பேனிக் ஆகாது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

சில சொற்களில் கதையைவிடக் கிரகம்தான் முக்கியம். உற்சாகமான ஆள் 'ஜோவியல்', முகம் இறுகிய ஆள் 'சாட்டர்னைன்', நொடிக்கு நொடி மாறுபவர் 'மெர்க்யூரியல்'. இவற்றைப் புராணத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். புராணத்து ஜூபிடர், அதாவது ஜோவ், அப்படியொன்றும் சிரித்த முகம் இல்லை, இடி போடுகிறவர். இவை இடைக்கால ஐரோப்பியச் சோதிடத்திலிருந்து வந்தவை. எந்தக் கிரகத்தில் பிறந்தவனுக்கு அந்தக் குணம். நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை: ஜூபிடர் நம் வியாழன், குரு பார்க்கக் கோடி நன்மை, சாட்டர்ன் நம் சனி. ஆங்கிலேயர் சாட்டர்னைன் என்று நாசூக்காகச் சொல்வதை நாம் 'சனியனே' என்று நேராகச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒத்துப்போவது தற்செயல் இல்லை. கிரேக்கச் சோதிடம் யவனர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பார்க்கிறோமே, அந்த ஓரை வடமொழி 'ஹோரா' வழியாக வந்த கிரேக்கச் சொல். ஆங்கில 'ஹவர்' அதற்குச் சித்தப்பா மகன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹிப்பாக்ரட்டீஸ் உறுதிமொழியில் சாட்சிக்கு அழைக்கப்படும் ஹைஜியா, பனேசியா இருவரும் மருத்துவக் கடவுள் அஸ்க்லேப்பியஸின் மகள்கள்: ஒருத்தி 'ஹைஜீன்', மற்றவள் சர்வரோக நிவாரணி. கனவுக் கடவுள் மார்ஃபியஸிடமிருந்து மார்ஃபின். 1819-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் செய்த ஒலிக்கருவி தண்ணீருக்குள்ளும் கத்தியது. கடலோரம் பாடி மாலுமிகளைக் கவிழ்த்த சைரன்களின் பெயர் அதற்கு வந்தது. நம் ஆட்கள் ஆலைச் சைரனைச் 'சங்கு' என்றார்கள், அதுவும் கடலிலிருந்து வந்ததுதான். சமையலறைக்கு வரும் 'கேஸ்', உலகம் பிறக்கும் முன் இருந்த வெற்றிடமான 'கேயாஸ்'. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் அந்தக் கிரேக்கச் சொல்லைத் தன் ஊர் உச்சரிப்பில் சுருக்கி எழுதினார். போலி உறவுகளும் உண்டு, ஏமாறாதீர்கள். 'லீத்தல்' என்ற சொல்லுக்கும் மறதி ஆறான லீத்திக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. சாவுக்கான லத்தீன் சொல்லில் யாரோ ஆற்றை நினைத்துக்கொண்டு ஓர் எழுத்தைச் செருகிவிட்டார்கள்.

பைபிளிலிருந்து வந்தவை தனிக் கடல். இரண்டு மட்டும் சொல்கிறேன். 'ஷிபொலெத்': நியாயாதிபதிகள் புத்தகத்தில், யோர்தான் ஆற்றுத் துறையில் கீலேயாத்தியர் காவல் நிற்கிறார்கள். தப்பி ஓடிவரும் எப்பிராயீம் ஆட்களைக் கண்டுபிடிக்க இந்தச் சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள். ஷகரம் வராமல் 'சிபொலெத்' என்றவன் அங்கேயே வெட்டப்பட்டான். இப்படிச் செத்தவர்கள் 42,000 பேர் என்கிறது அந்த நூல். வாழைப்பழம் என்று சொல்லச் சொல்லி ழகரம் வராதவனைக் கழித்துக்கட்டுவது போல. ஒரு கூட்டத்தாரை அடையாளம் காட்டும் வெற்றுச் சொல்லுக்கு இப்போது இந்தப் பெயர். இன்னொன்று 'ஸ்கேப்கோட்'. தமிழில் பலிகடா என்று மொழிபெயர்க்கிறோம். லேவியராகமத்தில் இரண்டு வெள்ளாடுகள் வருகின்றன. ஒன்று பலியாகிறது. மற்றதன் தலைமேல் கைவைத்து மக்களின் பாவத்தையெல்லாம் ஏற்றி, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். 1530-இல் வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அந்தத் தப்பிய ஆட்டுக்குத்தான் இந்தப் பெயரை உண்டாக்கினார். அதாவது அவர் ஆடு பிழைத்துப் போகிறது, நம் கடா சாகிறது. பொருள் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

கதை வேண்டாம், நிஜ மனிதர் போதும் என்றால் 'பாய்காட்'. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலத்தைப் பார்த்துக்கொண்ட கேப்டன் சார்லஸ் பாய்காட், 1880-இல் குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தார். யாரும் அவரை அடிக்கவில்லை. வேலைக்கு வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை, பேசவில்லை. ஊர்விலக்கம் வைத்தார்கள். அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஐம்பது ஆட்களும், அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களும் வர வேண்டியிருந்தது. காவல் செலவு விளைச்சலைப்போலப் பல மடங்கு. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

எதைப் படிப்பது என்றால், ஒடிஸியின் 9 முதல் 12 வரையிலான காண்டங்களும், ரோமானியக் கவிஞர் ஓவிடின் உருமாற்றக் கதைகளில் மூன்றாம் புத்தகமும் போதுமான தொடக்கம். எதிரொலிக்கும் தற்காதலுக்கும் ஆங்கிலத்தில் பெயர் தந்த எக்கோவும் நார்சிஸஸும் அங்கே ஒன்றாகக் கிடைப்பார்கள். எந்த எளிய மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சரி.

இப்போது இரண்டாவது கேள்வி. நம் பக்கத்துப் பெயர்கள் ஏறியிருக்கின்றன, மூன்றைச் சொல்கிறேன். எதிரே வருவதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் சக்திக்கு ஆங்கிலத்தில் 'ஜகர்நாட்'. பூரி ஜகந்நாதரின் தேர்தான். இங்கிலாந்தில் பெரிய லாரிகளுக்கே அந்தப் பெயர். பக்தர்கள் மோட்சத்துக்காகச் சக்கரத்தடியில் விழுந்து சாகிறார்கள் என்ற ஐரோப்பியப் பயணக் கதைகள்தான் மூலம். அதில் பழையது 14-ஆம் நூற்றாண்டில் ஓடோரிக் என்ற இத்தாலியத் துறவி எழுதியது. அவர் அதை எழுதியது பூரியைப் பற்றி அல்ல, மாபார் என்று அவர்கள் அழைத்த நம் சோழமண்டலக் கரையைப் பற்றி. ஒரிசா பற்றி எழுதிய ஹன்டர் போன்ற பிரிட்டிஷ் அதிகாரிகளே பிற்பாடு இந்தச் சாவுக் கதைகள் மிகை என்று சொன்னார்கள். உலகத்துக்கெல்லாம் நாதர் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் மிஞ்சியது சக்கரம் மட்டும்.

'செரன்டிப்பிட்டி' இலங்கையின் பழைய பாரசீக, அரபுப் பெயரான செரந்தீபிலிருந்து வந்தது. ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28 அன்று ஒரு கடிதத்தில் உண்டாக்கிய சொல். செரந்தீப் நாட்டு இளவரசர் மூவர், பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைப் பார்த்து, முன்னால் போன விலங்குக்கு ஒரு கண் குருடு என்று சொல்லிவிடுகிறார்கள். கதையில் அது ஒட்டகம். வால்போல் நினைவுப்பிசகில் கோவேறு கழுதை என்று எழுதிவிட்டார். அவர் சொன்ன பொருளில் தற்செயலும் கூர்மதியும் சேர்ந்தே இருந்தன. இன்றைய ஆங்கிலம் கூர்மதியைக் கைவிட்டு வெறும் நல்லதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டது.

மூன்றாவது தமிழிலிருந்து போன சொல். சர்வதேசச் செய்திகளில் ஒரு நாட்டை எல்லோரும் ஒதுக்கிவைத்தால் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல். பறை என்ற கருவியின் பெயரால் அமைந்த ஒரு சாதிப் பெயரை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியர்கள் எழுதிவைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அது யாராலும் சேர்க்கப்படாதவன் என்ற பொதுச் சொல்லாகிவிட்டது. டான்டலஸும் பண்டோராவும் கதைமாந்தர்கள். அவர்களுடைய வாழ்விலிருந்து ஒரு காட்சியைக் கிள்ளினால் யாருக்கும் வலிக்காது. இது உயிரோடிருக்கும் மக்களின் பெயர். கிள்ளப்பட்ட காட்சி, அவர்களை ஊர் எங்கே நிறுத்தியது என்பது. விடப்பட்டவற்றில் ஒன்று புறநானூற்றின் 335-ஆம் பாட்டு: துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற இந்த நான்கும் தவிர வேறு குடியே இல்லை என்று மாங்குடி கிழார் அதில் பாடுகிறார். இன்னொன்று, 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தொடங்கிய இதழ். அந்தப் பெயரே வேண்டாம் என்று அயோத்திதாசர் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. இரட்டைமலை சீனிவாசன் இதழுக்கு வைத்த தலைப்பு 'பறையன்'.